பின்னால் தொங்கும் அரை டன்

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கிழக்கே திருவேங்கடம், குருவிகுளம் பக்கம் போனால் கரிசல் விரியும். மேற்கே மலையைப் பார்த்துப் போகப் போக மண் சிவக்கும். தெற்கும் மேற்குமாகப் போய்ப் புளியங்குடியை எட்டினால் எலுமிச்சைத் தோட்டங்கள். கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும். தோட்டக்காட்டில் எலுமிச்சை, தென்னை, சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போகும் மல்லிகை. இந்த இரண்டு உலகத்துக்கும் பொதுவான வண்டி என்றால் அது மினி டிராக்டர்தான். இருபதிலிருந்து முப்பது குதிரைத்திறன் இருக்கும். மரவரிசைக்கு நடுவே நுழையும். பெரிய டிராக்டர் திரும்ப முடியாத வரப்பு மூலையில் திரும்பும்.

அதன் பின்னால் பேக்ஹோ என்கிற தோண்டும் கையை மாட்டிவிட்டால் அதன் பயன் சட்டென்று பெருகிவிடுகிறது. எலுமிச்சைக் கன்று நடத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் குழியின் அளவு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 75 செ.மீ. ஆறு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 112 குழி வரும். அள்ள வேண்டிய மண் 47 கன மீட்டர். கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு இதைச் செய்தவர்களின் இடுப்பு சொல்லும் அது எவ்வளவு வேலை என்று. சொட்டுநீர்க் குழாய்க்குப் பள்ளம், வாய்க்கால் தூர், பண்ணைக்குட்டையின் ஓரம் எல்லாம் அந்தக் கைக்கு எளிது.

குழி தோண்டி முடிந்தது. மறுநாள் வேறு வேலை. இப்போது அந்தக் கையைக் கழற்றி வைப்பதா, மாட்டியபடியே ஓட்டுவதா? இது வசதியைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். கழற்றினால் நேரம் போகும், மறுபடி மாட்ட அதைவிட நேரம் போகும், இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் இதற்குள் நெம்புகோல் இருக்கிறது, வார்ப்பிரும்பின் குணம் இருக்கிறது, எண்ணெயின் விரிவு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக நம் கரிசலின் உயிர் இருக்கிறது. நான்கையும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

நம் தெருக்களில் ஓடும் ஜேசிபிக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அது சுமார் ஏழரை டன் எடை. முன்வாளியும் பின்கையும் நிரந்தரமாக இருக்கும் என்று எண்ணியே அடிச்சட்டம் முதல் கட்டப்பட்டது. ஆனால் அதன் மூதாதையும் டிராக்டர்தான். இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1953இல் தன் முதல் தோண்டும் இயந்திரத்தை ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரின் மேல்தான் ஏற்றினார். டிராக்டரை விட்டு விலகித் தனக்கென ஓர் உடம்பை அந்த இயந்திரம் தேடிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மினி டிராக்டரில் பேக்ஹோ மாட்டும் ஒவ்வொருவரும் அந்தக் காரணத்தை இன்றும் சந்திக்கிறார்கள்.

முதலில் எடை. கணக்குக்காக ஒரு டிராக்டரை வைத்துக்கொள்வோம். எடை 1200 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 1.6 மீட்டர். முன் சக்கரங்கள் 480 கிலோவையும் பின் சக்கரங்கள் 720 கிலோவையும் தாங்குகின்றன. பின்னால் 500 கிலோ பேக்ஹோவை மாட்டுகிறோம். அதன் எடைமையம் பின் அச்சிலிருந்து 0.8 மீட்டர் பின்னால் இருக்கிறது. பின் அச்சுதான் இங்கே நெம்புகோலின் தாங்குபுள்ளி. 500ஐ 0.8ஆல் பெருக்கி 1.6ஆல் வகுத்தால் 250. அதாவது முன் சக்கரங்களிலிருந்து 250 கிலோ உருவப்பட்டுவிட்டது, மிச்சம் 230தான். பின் அச்சுக்கோ 720, அதன்மேல் 500, அதற்கும் மேல் இந்த 250. மொத்தம் 1470 கிலோ. மாட்டியது அரை டன். பின் அச்சு உணர்வது முக்கால் டன் கூடுதல்.

முன் சக்கரத்தில் எடை இருந்தால்தான் ஸ்டியரிங் பேசும். டிராக்டரின் எடையில் குறைந்தது 20 சதவீதமாவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கையேடுகள் சொல்லும். நம் கணக்கில் 20 சதவீதம் என்பது 240 கிலோ. நம்மிடம் இருப்பது 230. சமதளத்திலேயே எல்லையைத் தாண்டிவிட்டோம்.

இப்போது இந்த வண்டி குளத்துக்குள் இறங்கிவிட்டு 15 பாகைச் சரிவில் கரையேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை 1700 கிலோ. எடைமையம் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரம். சரிவு காரணமாக முன்னிருந்து பின்னுக்கு இன்னும் 206 கிலோ நகரும். முன் சக்கரத்தில் மிஞ்சுவது 16 கிலோ. ஒரு பள்ளிக்கூடப் பையன் பின்னால் ஏறி நின்றாலே முன்பக்கம் தூக்கிவிடும். வேகமாகக் கிளட்சை விட்டாலும் அதே கதி. பின்கை மாட்டிய வண்டியில் மேடேற வேண்டுமானால் பின்னோக்கித்தான் ஏற வேண்டும். கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். இதை ஓட்டுநருக்குச் சொல்லிக்கொடுக்காமல் வண்டியைக் கொடுப்பது பெரிய தவறு.

சாலை வேறு வகை. டிராக்டருக்குப் பின்பக்கம் சுருள்வில் கிடையாது, டயர்தான் வில். ராஜபாளையம் சாலையில் வேகத்தடையில் ஏறி இறங்கும் நொடியில் தொங்கும் கையின் இழுப்பு அதன் எடையைவிட அதிகமாகிறது. முன் சக்கரத்தில் மிஞ்சிய 230 கிலோவும் அந்த நொடியில் கரையலாம். வண்டி மூக்கைத் தூக்கித் தூக்கி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இதுவரை கேட்டால் கழற்றி வைப்பதே சரி என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம், மறுபக்கம் இருக்கிறது. பேக்ஹோ வைத்திருப்பவர் பெரும்பாலும் முன்னால் லோடர் என்கிற அள்ளும் வாளியும் வைத்திருப்பார். லோடரின் சட்டமும் வாளியும் சேர்ந்து 250 கிலோ என்றும், அது முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் இருக்கிறது என்றும் கொள்வோம். வாளியில் 300 கிலோ வண்டல் அள்ளுகிறோம். அது முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால். பேக்ஹோவைக் கழற்றிய வண்டியில் இப்போது முன் அச்சில் ஏறக்குறைய 1295 கிலோ. பின் அச்சில் வெறும் 455. டிராக்டரின் பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது. எடை இல்லாத சக்கரத்தை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அது வழுக்கிக்கொண்டுதான் போகும். வாளியை உயரத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினால் பின்சக்கரம் தரையை விட்டே எழும்பலாம். பேக்ஹோ பின்னால் இருந்தால் அதே பின் அச்சில் 1205 கிலோ இருக்கும். முன்வாளியும் பின்கையும் காவடியின் இரு பக்கம் போல ஒன்றையொன்று தாங்குகின்றன.

ஆகவே லோடர் வேலை நடக்கும்போது பேக்ஹோவைக் கழற்றினால், அதன் இடத்தில் வேறு எடை வைத்தே ஆக வேண்டும். அதற்கு அரை மீட்டர் நீள, அகல, உயரத்தில் ஒரு கான்கிரீட் கட்டி போதும். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2400 கிலோ. எனவே அந்தக் கட்டி சரியாக 300 கிலோ வரும். டிராக்டரின் பின்னால் கருவி மாட்டும் மூன்றுமுனை இணைப்பில் பொருந்தக் கம்பி வைத்து வார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் இருக்கும். இன்னொரு வழி பின் டயரில் தண்ணீர் நிரப்புவது. இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். டயருக்குள் இருக்கும் தண்ணீரின் எடை அச்சு வழியாகப் போகாமல் நேராகத் தரைக்குப் போகிறது. அச்சுக்கும் அதன் உறைக்கும் ஒரு கிலோ பாரமும் கூடுவதில்லை.

அந்த உறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லாரிக்கு அடிச்சட்டம் உண்டு. இரண்டு நீள இரும்பு உத்திரங்கள் எல்லாப் பாரத்தையும் சுமக்கும். டிராக்டருக்கு அது கிடையாது. 1917இல் வந்த ஃபோர்ட்சனிலிருந்தே எஞ்சின், கிளட்ச் உறை, கியர்பெட்டி, பின் அச்சு உறை ஆகியவற்றை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்து, அந்த உறைகளையே முதுகெலும்பாக்கிவிட்டார்கள். மலிவாகவும் உறுதியாகவும் அமைந்தது. ஆனால் அந்த உறைகள் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு அழுத்தத்தை அபாரமாகத் தாங்கும், இழுவிசையில் சட்டென்று விரியும். தேனிரும்பு போல வளைந்து எச்சரிக்கை கொடுக்காது. ஒருநாள் கீறல் விடும், எண்ணெய் கசியும், அப்போதுதான் தெரியும்.

பேக்ஹோ தோண்டும்போது என்ன நடக்கிறது? 50 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் எண்ணெய் பாய்ந்தால் பிஸ்டனில் ஏறக்குறைய மூன்று டன் விசை பிறக்கிறது. கையின் நெம்புகோல் அமைப்பில் வாளியின் பல்லுக்கு வரும்போது அது குறையும். ஆனாலும் பாறை விளிம்பில் பல் மாட்டிக்கொண்டால் அந்த அதிர்ச்சி திரும்பி வந்து டிராக்டரின் முதுகைத்தான் முறுக்கும். நல்ல பேக்ஹோ தனக்கென ஒரு துணைச்சட்டத்தோடு வருவது இதனால்தான். அந்தச் சட்டம் பின் அச்சிலிருந்து முன்பக்கம் வரை நீண்டு விசையைப் பரப்பிவிடும்.

துணைச்சட்டம் இல்லாமல் மூன்றுமுனை இணைப்பில் தொங்கவிடும் வகையும் உண்டு. விலை குறைவு என்று அதை வாங்குகிறவர்கள் ஹாரி ஃபெர்குசனை நினைத்துக்கொள்ள வேண்டும். அயர்லாந்தில் முதன்முதலாக விமானம் ஓட்டிய மனிதர் அவர், 1909இல், தானே கட்டிய விமானத்தில். பிறகு கலப்பையின் பக்கம் திரும்பினார். அந்தக் காலத்து டிராக்டரில் கலப்பையைச் சங்கிலியில் கட்டியது போல இழுத்தார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கியது. கலப்பையையும் டிராக்டரையும் மூன்று முனையில் இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி, கலப்பை மாட்டும்போது மேல்தண்டு முன்பக்கத்தைக் கீழே தள்ளும்படி ஃபெர்குசன் வடிவமைத்தார். ஹென்றி ஃபோர்டுடன் 1938இல் கைகுலுக்கி முடித்த உடன்பாட்டின்படி 1939இல் வந்த டிராக்டர் இந்த இணைப்பை உலகெங்கும் கொண்டுபோனது. 1953இல் ஃபெர்குசனின் நிறுவனம் மாஸி-ஹாரிஸுடன் சேர்ந்தது. 1960இல் சென்னையில் டாஃபே தொடங்கி மாஸி டிராக்டர்களைக் கட்டத் தொடங்கியது. நம் ஊரில் கொக்கிக் கலப்பையை ஒரு நெம்புகோலைத் தொட்டுத் தூக்கும் ஒவ்வொருவரும் ஃபெர்குசனுக்குக் கடன்பட்டவர்கள்.

ஆனால் ஃபெர்குசனின் இணைப்பு தூக்கத்தான் செய்யும், கீழே அழுத்தாது. இறங்குவது கருவியின் சொந்த எடையால். பேக்ஹோ வாளி தரையைக் கீழ்நோக்கி அமுக்கும்போது கருவி மேல்நோக்கி எழும்பும். தடுக்க இணைப்பில் ஒன்றும் இல்லை. கை மடிந்து ஓட்டுநரின் இருக்கைப் பக்கம் சாயலாம். கலப்பைக்காகப் பிறந்த இணைப்பு அது. மூன்றுமுனையில் தொங்கும் பேக்ஹோவை வேலை முடிந்த அன்றே கழற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்காமலே இருந்தால் இன்னும் நல்லது.

இனி மண். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். எடையைப் பற்றிப் பேசும்போது வண்டிக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்கிறோம். காலுக்கடியில் இருப்பதைக் கேட்பதில்லை.

டயரில் ஒரு பார் காற்று இருந்தால் தரையின் மேற்பரப்பில் டயர் கொடுக்கும் அழுத்தமும் ஏறக்குறைய ஒரு பார்தான். எடை கூடினால் டயர் இன்னும் சப்பையாகி அதிகப் பரப்பில் உட்காரும். அழுத்தம் பெரிதாக மாறாது. மேலோட்டமாகப் பார்த்தால் பேக்ஹோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் மண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் ஆழத்தில் கதை மாறுகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் பூசினெஸ்க் 19ஆம் நூற்றாண்டில் தந்த சமன்பாட்டில் நம் எண்களைப் போட்டுப் பார்த்தேன். பேக்ஹோ இல்லாமல் ஒரு பின் சக்கரம் சுமப்பது 360 கிலோ, 30 செ.மீ. ஆழத்தில் மண் உணரும் அழுத்தம் 16 கிலோபாஸ்கல். பேக்ஹோவுடன் ஒரு சக்கரம் சுமப்பது 735 கிலோ. அதே ஆழத்தில் 29 கிலோபாஸ்கல். மேலே அதே ஒரு பார், கீழே ஏறக்குறைய இருமடங்கு. மேல்மண்ணின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது டயரின் காற்று. அடிமண்ணின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது அச்சின் எடை. மேல்மண்ணை ரொட்டவேட்டர் கிளறிவிடும். 30 செ.மீ.க்குக் கீழே அது போகாது.

அடிமண் இறுகினால் வேர் நின்றுவிடும். மண்ணுக்குள் கம்பியைச் செருகி எதிர்ப்பை அளக்கும் கருவியில் 2 மெகாபாஸ்கல் காட்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் அங்கே முன்னேறுவதில்லை என்பது மண்ணியலாளர்கள் கையாளும் அளவு. மழைநீர் அந்தத் தட்டில் தேங்கிப் பக்கவாட்டில் ஓடிவிடும். மானாவாரிக் கரிசலில் இது கொடுமை. இங்கே பயிர் பிழைப்பதே ஐப்பசி, கார்த்திகையில் பெய்ததை மண் ஆழத்தில் பிடித்து வைத்து, தையில் வேருக்குக் கொடுப்பதால்தான். உளிக்கலப்பை கொண்டு அரை மீட்டர் இடைவெளியில் ஆழமாகக் கீறிவிடலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறுகிய அடிமண்ணுக்குப் பரிந்துரைப்பதும் அதையே. ஆனால் உளிக்கலப்பையை மினி டிராக்டர் இழுக்காது. பெரிய டிராக்டரை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். சிறிய வண்டி செய்த காயத்துக்குப் பெரிய வண்டியின் வைத்தியம்.

இதில் ஈரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கரிசலில் இருக்கும் ஸ்மெக்டைட் வகைக் களிமண் தண்ணீரைத் தன் ஏடுகளுக்கு இடையில் இழுத்து வீங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கரிசலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவது அதனால்தான். காய்ந்த கரிசல் கல் போன்றது. அதன்மேல் 1470 கிலோ அச்சு போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. நனைந்த கரிசலில் துகள்களுக்கு இடையே தண்ணீர் எண்ணெய் போல வழுக்குகிறது. சக்கரம் பதிந்த இடத்தில் காற்றுப் புழைகள் நசுங்கி மூடிவிடும். அதிலும் கெடுதலில் பெரும்பங்கு முதல் தடவை சக்கரம் போகும்போதே நடந்துவிடுகிறது. ஒரே ஒரு முறைதானே போகிறோம் என்பது சமாதானம் ஆகாது. வீங்கிச் சுருங்கும் கரிசல் சில ஆண்டுகளில் தன் காயத்தைத் தானே ஓரளவு ஆற்றிக்கொள்ளும். மேற்கே இருக்கும் செம்மண்ணுக்கு அந்த வரம் குறைவு. அங்கே இறுகியது இறுகியபடியே கிடக்கும். எலுமிச்சைத் தோட்டத்தில் ஆண்டுதோறும் அதே இரண்டு தடத்தில் வண்டி போவதால், மரத்தின் வேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

டீசலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. உழுத மண்ணில் 500 கிலோவை உருட்ட ஏறக்குறைய 400 நியூட்டன் விசை வேண்டும். தோட்டத்துக்குள் நாள் முழுக்கப் பத்துக் கிலோமீட்டர் சுற்றினாலும் கூடுதல் செலவு அரை லிட்டர் அளவுதான். மண்ணின் கணக்கோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இந்த வட்டாரத்தின் ஐம்பூதத் தலங்களில் சங்கரன்கோவில் மண்ணுக்கும் கரிவலம் நெருப்புக்கும் உரியவை. மண்ணைப் பார்த்துவிட்டோம், வெயிலையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் கழற்றி வைத்த பேக்ஹோவுக்கு இங்கே முதல் எதிரி வெயில்தான்.

பேக்ஹோவைக் கழற்றும்போது எண்ணெய்க் குழாய்களைப் பிரித்து மூடி போடுகிறோம். குழாய்க்குள் எண்ணெய் அடைபட்டுவிட்டது. ஒரு பாகை செல்சியஸ் கூடினால் எண்ணெயின் கன அளவு பத்தாயிரத்தில் ஏழு பங்கு விரியும். விரிய இடமே இல்லையென்றால் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 10 பார் அழுத்தம் ஏறும். ரப்பர் குழாய் சற்று உப்பிக் கொடுப்பதால் உண்மையில் அவ்வளவு ஏறாது. ஆனாலும் காலையில் கழற்றிய இணைப்பு சித்திரை மாத மதியத்தில் மாட்ட மறுப்பது இதனால்தான். சுத்தியலால் தட்டி மாட்டப் பார்க்கிறார்கள். இணைப்பின் வாய்தான் கெடும். நிழலில் விட்டு ஆற வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கழற்றும்போதே எஞ்சினை அணைத்து, கைப்பிடிகளை எல்லாப் பக்கமும் அசைத்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுப் பிரித்தால் மீதிப் பாதியும் தீரும்.

இன்னொன்று தூசி. இணைப்பு திறந்திருக்கும் ஒரு நிமிடத்தில் கரிசல் தூசி உள்ளே போகும். எண்ணெயைத் திசைமாற்றும் வால்வுக்குள் இருக்கும் இடைவெளி பத்து மைக்ரான் அளவு. நம் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய தூசியே 40 மைக்ரான். சுத்தமாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் இணைப்பிலும் வால்வைக் கீறும் துகள் இருக்கலாம். அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கு எதிராக இருக்கும் மிக வலுவான வாதம் இதுதான், நேரம் போவதல்ல. துடைக்க நூல் உதிராத துணி வேண்டும். இருபுறமும் மூடி வேண்டும்.

பல மினி டிராக்டர்களில் எண்ணெய் ஒரு வளையமாக ஓடுகிறது: பம்பிலிருந்து லோடர், லோடரிலிருந்து பேக்ஹோ, பிறகு தொட்டி. பேக்ஹோவைக் கழற்றியதும் அந்த வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். மறந்து வண்டியைக் கிளப்பினால் எண்ணெய்க்குப் போக வழியில்லை. பம்போ அதன் சீலோ போய்விடும். அழுத்தத்தில் இருக்கும் குழாயில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று ஒருபோதும் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. 150 பாரில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும்; உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அட்டையைக் காட்டிச் சோதியுங்கள். யாருக்காவது எண்ணெய் ஏறிவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டில் இருக்காமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

இப்போது பதில் சொல்லலாம். என் பதில் பஞ்சாங்கத்தோடு சேர்ந்தது.

மாசி அறுவடை முடிந்ததிலிருந்து சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா வரை மண் காய்ந்து கிடக்கிறது. குளங்களில் தண்ணீர் வற்றி, வட்டாட்சியர் அனுமதியோடு வண்டல் அள்ளும் காலமும் அதுதான். வாய்க்கால் தூர், குழி, குட்டை வேலைகளும் அப்போதே வரும். முன்னால் லோடர், பின்னால் பேக்ஹோ, துணைச்சட்டத்தோடு. அந்த மாதங்களில் அது மாட்டியே இருக்கட்டும். எடை சமமாக இருக்கும், மண் தாங்கும், இணைப்பைத் திறந்து தூசிக்கு வழிவிட வேண்டியதில்லை. சாலையில் ஓடும்போது கையின் பூட்டுப் பின்னைப் போட மறக்காமல் இருந்தால் போதும்; வால்வில் எண்ணெய் மெல்லக் கசிவதால் பூட்டாத கை தானே இறங்கும்.

ஆவணியில் கழற்றிவிட வேண்டும். புரட்டாசிப் பட்டத்தின் முதல் மழை விழுவதற்கு முன்பே. மழைக்குப் பின் விதைப்புக்காகக் கலப்பையும் ரொட்டவேட்டரும்தான் பின்னால் தேவை. பேக்ஹோ இருந்தால் அவை எதையும் மாட்டவும் முடியாது. ஈர மண்ணில் அந்த முக்கால் டன்னைத் தேவையில்லாமல் சுமந்து திரிவதைப் போன்ற அநியாயம் ஒரு காட்டுக்கு வேறு இல்லை. நடுவில் ஒரு நாள் தோண்டும் வேலை வந்தால், ஒரு நாளுக்காக மாட்ட வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் தோண்டும் இயந்திரத்துக்குப் பதிவு செய்யலாம், அல்லது ஊரில் இருக்கும் ஜேசிபியை மணிக்கணக்கில் கூப்பிட்டு, ஈரமில்லாத பாதையோரத்தில் நின்று வேலையை முடிக்கச் சொல்லலாம்.

தோட்டக்காரருக்கு ஒரு மாற்றம். எலுமிச்சைக்கு மார்கழி முதல் மாசி வரையும், ஆனி முதல் புரட்டாசி வரையும் நடவுக் காலம் இருப்பதால் அவருக்குக் கை அந்த இரண்டில் எந்தக் காலத்திலும் தேவைப்படலாம். நடவு வரும் ஆண்டில் மட்டும் மாட்டி, குழிகளை மொத்தமாகத் தோண்டிவிட்டுக் கழற்றுவதே அவருக்கு நல்லது. வளர்ந்த தோட்டத்தில் அரை டன்னைச் சுமந்துகொண்டு மரவரிசைக்குள் போக எந்த வேலையும் இல்லை.

கழற்றி வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்த மாசியில் மாட்டும்போது வரும் சண்டைகள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. கழற்றிய பேக்ஹோ தன் இரண்டு ஜாக்கிக் கால்களிலும் வாளியிலும் நிற்கிறது. வெறும் கரிசலில் நிறுத்தினால் ஐப்பசி மழையில் ஒரு கால் ஒரு சாண் புதையும், இன்னொன்று புதையாது. மாசியில் மண் காய்ந்து இறுகிய பிறகு இணைப்புப் பின்னுக்கான துளைகள் நேர்கோட்டில் வராது. கடப்பாரை போட்டு நெம்பினால் பின்னும் புஷ்ஷும் தேயும். கொட்டகைக்குள் ஒரு கான்கிரீட் தளம் போட்டு, டிராக்டர் பின்னோக்கி நேராக வந்து நிற்கும்படி அதே மட்டத்தில் அணுகு தரையும் அமைத்துவிட வேண்டும். சிலிண்டர் தண்டுகளை முடிந்த அளவு உள்ளே இழுத்த நிலையில் வைக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பளபளப்பான குரோமியப் பூச்சில் ஈரம் பட்டுத் துருப்புள்ளி விழுந்தால், அடுத்த முறை அது உள்ளே போகும்போது சீலை அறுத்துவிடும். உள்ளே போகாத பகுதிக்குக் கிரீஸ் தடவுங்கள். குழாய் முனைகளுக்கு மூடி போட்டு மேல்நோக்கிக் கட்டி வையுங்கள். எந்தக் குழாய் எதில் சேரும் என்று இரண்டு பக்கமும் ஒரே நிறப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து மாட்டுகிறவர் வேறு ஆளாக இருந்தாலும் தடுமாற மாட்டார்.